பச்சையில் இருப்பவருக்குச் சீட்டு இல்லை

அந்தச் சரக்குக் கிடங்கில் நூற்று அறுபத்தெட்டுப் பேர் வேலை பார்த்தார்கள். யாருக்கு உடம்பில் என்ன கோளாறு என்று ஒருவருக்கும் தெரியாது. ஆனால் யாருடைய பி.எம்.ஐ. எவ்வளவு என்பது வாசலில் நிற்கும் காவலாளி வரைக்கும் மனப்பாடம். உடல்நலக் குறியீட்டுப் பிரிவு என்று ஒன்றை நிர்வாகம் திறந்துவைத்த நாளிலிருந்து இந்தக் கூத்து.

பிரிவுக்கு ஓர் அறை, ஓர் எடை இயந்திரம், சுவரில் ஆணியடித்த ஓர் அளவுகோல், ஓர் அதிகாரி, அவருக்குக் கீழே அளவர் என்று ஒருவர். திங்கட்கிழமை காலை எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையில் நிற்க வேண்டும். எடையை உயரத்தால் வகுத்து, வந்ததை இன்னொரு தடவை உயரத்தால் வகுத்தால் ஓர் எண் வரும். அது பதினெட்டரைக்கும் இருபத்தைந்துக்கும் நடுவே இருந்தால் பச்சை அட்டை. இருபத்தைந்தைத் தொட்டால் மஞ்சள், முப்பதைத் தொட்டால் சிவப்பு. பதினெட்டரைக்குக் கீழே போனால் நீலம். அட்டையை வாரம் முழுக்கக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிய வேண்டும்.

சாப்பாட்டுக் கூடத்தில் பச்சைக்குச் சாய்வு நாற்காலி. மஞ்சளுக்குப் பெஞ்சு. சிவப்புக்காரர்கள் நின்றுகொண்டே சாப்பிட வேண்டும், கால் வலித்தால் சீக்கிரம் முடித்துக்கொள்வார்களாம். மூட்டை தூக்கும் பத்துப் பேரும் சிவப்பு. தூக்கித் தூக்கி உடம்பு கல்லாக இறுகிப்போன ஆட்கள் அவர்கள். ஒரு நாள் அவர்களில் ஒருவர் சட்டையைக் கழற்றிக் காட்டி, "இதுல எங்க சார் கொழுப்பு இருக்கு?" என்று கேட்டார்.

"கல்லா கொழுப்பான்னு எண் கேக்காது," என்றார் அதிகாரி. "அதுதான் அதோட நேர்மை. நீங்க முதல்ல சட்டையைப் போடுங்க."

அதிகாரியின் கழுத்திலும் பச்சை அட்டைதான் தொங்கியது. அவர் நடந்து வந்தால் வயிறு முதலில் வரும், அவர் பிறகு வருவார். ஆனால் அவருடைய உயரத்தை அளந்தது அவர் பதவியேற்ற அன்றைக்கு, விழா மேடைமேல் நின்று பேசிக்கொண்டிருந்தபோது, தரையிலிருந்து. அந்தக் கணக்குப்படி அவர் எட்டடி இருந்தார்.

நம்முடைய ஆள் அந்தக் கிடங்கின் எடைமேடைக்காரர். உள்ளே வருகிற லாரி, வெளியே போகிற லாரி எல்லாம் அவருடைய மேடையில் ஏறி நின்று, அவர் கொடுக்கிற எடைச்சீட்டை வாங்கிக்கொண்டுதான் நகர முடியும். பதினெட்டு வருஷமாக இதே வேலை. அதனால் அவருக்குத் 'தராசு' என்று பெயர் வந்துவிட்டது. கட்டிய மனைவியைத் தவிர எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். மனைவி தையல்காரி. வீட்டு முன்னறையில் தையல் மிஷின் போட்டிருந்தாள். வருகிறவர்களின் இடுப்பளவைக் கண்ணாலேயே சொல்லிவிடுவாள்.

வருஷ ஆரம்பத்தில் தராசு எண்பத்தொரு கிலோ. ஒரு மீட்டர் எழுபது சென்டிமீட்டர் உயரத்துக்கு அது இருபத்தெட்டு என்று வந்தது. மஞ்சள் அட்டை. அவர் அதைப் பற்றிப் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை, பெஞ்சும் உட்காரத்தான் இருக்கிறது. இரண்டு மாதம் கழித்து எழுபத்தாறு. அப்புறம் எழுபத்தொன்று. பச்சை அட்டையை அளவர் அவர் கழுத்தில் மாட்டியபோது வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். தராசுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் ஒரு வேளையைக்கூடக் குறைத்திருக்கவில்லை. சொல்லப்போனால் முன்னைவிட அதிகமாகவே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"என்னங்க, மூணாவது தடவையா பேண்டைப் பிடிக்கிறேன்," என்றாள் மனைவி, வாயில் கடித்த ஊசியை எடுத்துவிட்டு. "துணியே மிச்சம் இல்லை. இனிமே பிடிச்சா ரெண்டு பாக்கெட்டும் பின்னாடி போய் ஒட்டிக்கும்."

"ஆபீஸ்ல பாராட்டுறாங்க தெரியுமா?"

"பாராட்டுறவங்களா உங்களுக்கு நடுராத்திரில தண்ணி மொண்டு தர்றாங்க? ஒரு குடம் குடிக்கிறீங்க. பத்து வாட்டி எழுந்து போறீங்க. காலு மரத்துப்போச்சுன்னு தரையில உதைக்கிறீங்க. டாக்டரைப் போய்ப் பாருங்க. எனக்குப் பயமா இருக்கு."

அவருக்கும் பயமாகத்தான் இருந்தது. எடைமேடையின் திரையில் எட்டு தெரிந்தால் அது மூன்றா எட்டா என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டியிருந்தது. மத்தியானம் ஆனால் கைகால் துவண்டு, அறையிலேயே படுத்துவிடலாமா என்றிருந்தது. ஆனால் டாக்டரைப் பார்ப்பது அவ்வளவு சுலபமில்லை. ஊரில் இருந்ததே நிறுவனத்தின் மருத்துவமனை ஒன்றுதான். அதற்குள் நுழையக் குறியீட்டுப் பிரிவின் சீட்டு வேண்டும். வேறு ஊருக்குப் போய்க் காட்டலாமென்றால் ஒரு நாள் விடுப்பு வேண்டும். உடம்பு சரியில்லை என்று விடுப்பு கேட்டாலும் அதே சீட்டுதான்.

சீட்டு கேட்க அவர் போன அன்றைக்கு அதிகாரி எழுந்து நின்று கைகொடுத்தார். எழுந்து நிற்பது அவருக்குச் சாதாரண விஷயமில்லை.

"வாங்க தராசு, வாங்க! உங்களைத்தான் நினைச்சுக்கிட்டிருந்தேன். நம்ம கிடங்கோட சராசரி எவ்வளவு தெரியுமா? வருஷ ஆரம்பத்துல இருபத்தஞ்சு புள்ளி பூஜ்யம் ரெண்டு. இருபத்தஞ்சுக்குக் கீழ வந்தா தங்கக் கேடயம். நானும் என்னென்னவோ பண்ணிப் பார்த்தேன். ஒருத்தனும் அசையலை. நீங்க ஒருத்தர், ஒரே ஒருத்தர், தனி ஆளா இறக்கிட்டீங்க!"

"சார், எனக்கு உடம்பு முடியலை. மருத்துவமனைக்குச் சீட்டு வேணும்."

அதிகாரி சிரித்தார். நல்ல நகைச்சுவையைக் கேட்டவர் போல அளவரையும் திரும்பிப் பார்த்தார். அளவரும் சிரித்தார்.

"நீங்க பச்சை, தராசு. பச்சைன்னா ஆரோக்கியம். ஆரோக்கியமா இருக்கிறவருக்கு எப்படிச் சீட்டு தர முடியும்? சிவப்புக்கு உண்டு, நீலத்துக்கு உண்டு. இது நான் போட்ட விதியில்லை."

"யாரு போட்டது சார்?"

"நான்தான் போட்டேன், ஆனா அதிகாரிங்கிற முறையில போட்டேன். சொந்த முறையில உங்க மேல எனக்கு ரொம்ப அக்கறை." அவர் ஏட்டைப் புரட்டினார். "இப்ப அறுபத்து மூணு கிலோ இருக்கீங்க. இருபத்தொண்ணு புள்ளி எட்டு. அடடா, என்ன ஒரு எண்! இன்னும் பத்து கிலோ குறைஞ்சீங்கன்னா நீலத்துக்கு வந்துடுவீங்க. அப்பச் சீட்டு தானா வரும். கொஞ்சம் பொறுமையா இருங்க."

"சார், எங்க மேடையில லாரி ஏறி நின்னா பத்து டன்னுன்னு காட்டும். உள்ள பஞ்சு இருக்கா, இரும்பு இருக்கா, அழுகின பழம் இருக்கான்னு காட்டாது. அதுக்குத் தார்ப்பாயைத் தூக்கிப் பாக்கணும். என்னையும் யாராவது தூக்கிப் பாருங்கன்னுதான் கேக்கறேன்."

"அது லாரி," என்றார் அதிகாரி அன்போடு. "இது விஞ்ஞானம்."

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த வாரமே கூட்டம் போட்டு, எப்படி எடையைக் குறைத்தீர்கள் என்று தராசை மேடையேற்றிப் பேச விட்டார்கள். அவருக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு நடந்ததைச் சொன்னார்: தாகம் அடங்கவில்லை, எவ்வளவு குடித்தாலும் வெளியே போய்விடுகிறது, ராத்திரி தூக்கமில்லை, கால் மரத்துப்போகிறது, கண் மங்குகிறது, ஏன் என்று தெரியவில்லை. சொல்லும்போது குரல் தழுதழுத்தது. கீழே இருந்தவர்கள் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

மறுநாளே 'தராசு முறை: ஐந்து எளிய படிகள்' என்று ஒரு துண்டறிக்கை அச்சாகி வந்தது. ஒன்று, நாளைக்கு ஒரு குடம் தண்ணீர் குடியுங்கள். இரண்டு, இரவில் பத்து முறை எழுந்து நடமாடுங்கள். மூன்று, கால் மரத்துப்போகும் வரை ஒரே இடத்தில் நில்லுங்கள். நான்கு, கண்கள் மங்கும் அளவுக்குக் கடமையில் மூழ்குங்கள். ஐந்து, ஏன் என்று கேட்காதீர்கள். அளவர் அதை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்து, வாங்கியதற்குக் கையெழுத்தும் போட வைத்தார். அடுத்த நாலு நாளைக்குக் கிடங்கு முழுக்கக் கொட்டாவிதான். கணக்குப் பிரிவில் ஒருவர் ஒரு குடத்தையும் ஒரே மூச்சில் குடித்துவிட்டு மேசை மேலேயே வாந்தி எடுத்தார். அதில் அவருக்கு ஒன்றரைக் கிலோ குறைந்ததாகப் பதிவாயிற்று.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த மனைவிக்குப் பொறுமை போய்விட்டது. "பத்து கிலோ குறையட்டும்னு சொன்னானா? அதுக்குள்ள ஆளே இருக்க மாட்டீங்க. இறங்கிப் போனா வழியில செத்துப்போவீங்க. அப்ப ஏறித்தான் போகணும். சிவப்பு வர எவ்வளவு வேணும்?"

தராசு விரல்விட்டுக் கணக்குப் போட்டார். "எண்பத்தேழு தொடணும். இன்னும் இருபத்துநாலு கிலோ."

"உடம்புல ஒட்டாது. உடுப்புல ஒட்டிடலாம்," என்றாள் அவள்.

எடையைக் கூட்டிக் காட்டுகிற வித்தையைச் சொல்லித்தர ஆள் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. பதினெட்டு வருஷமாகத் தராசின் கண்ணில் மண்ணைத் தூவப் பார்த்தவர்கள்தான் லாரிக்காரர்கள். அவர்களில் பெரிய கைகாரர் மீசை என்கிற டிரைவர். தராசிடம் ஏழு தடவை மாட்டியவர். அவர் விஷயம் முழுவதையும் கேட்டார். பிறகு, "அண்ணே, எங்களைப் பிடிச்ச நீங்களே எங்க லைனுக்கு வந்துட்டீங்களே," என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது ஆனந்தமா வருத்தமா என்று சொல்ல முடியாது.

"கேட்டுக்கங்க," என்றார் மீசை. "டேங்க்ல தண்ணி ரொப்பலாம். ஆனா உங்க டேங்க்ல நிக்காது, ஒழுகுது. அதனால திடச் சரக்குதான். பாரம் ஒரே பக்கமா இருந்தா வண்டி சாயும், ரெண்டு பக்கமும் சமமா வைக்கணும். மேடை ஏறும்போது மெதுவா ஏறணும். ஏறினதும் ஆடக் கூடாது. யாராவது கேட்டா முதல்ல கோவப்படணும், அப்புறம் ஆச்சரியப்படணும்."

சக்கரத்துக்கு அடியில் முட்டுக் கொடுக்கிற இரும்புக் கட்டைகளையும், தகரம் மாதிரி வெட்டிய ஈயப் பட்டைகளையும் மீசையே கொண்டுவந்து கொடுத்தார். மனைவி இரண்டு நாள் உட்கார்ந்து கெட்டித் துணியில் ஓர் உள்சட்டை தைத்தாள். முன்னால் எட்டுப் பை, முதுகில் எட்டுப் பை, தொடையில் கட்ட இரண்டு பட்டி. தைக்கும்போது நடுவில் நிறுத்திவிட்டு, "ஊர் உலகத்துல புருஷன் உடம்பு தேறணும்னு என்னென்னவோ பண்ணுவாங்க. நான் இரும்புக்கு உறை தைக்கிறேன்," என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். தராசு அவள் தலையில் கைவைத்தார். கைக்கே அன்றைக்குப் பலமில்லை.

திங்கட்கிழமை வந்தது. அந்த வாரம் வியாழக்கிழமைதான் கேடயம் கொடுக்கிற விழா. தராசு இருபத்துநாலு கிலோ நானூறு கிராம் இரும்பையும் ஈயத்தையும் சுமந்துகொண்டு வரிசையில் நின்றார். நாக்கு உலர்ந்து மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. முன்னால் நின்றவரின் முதுகு இரண்டாகத் தெரிந்தது. வாசலுக்கு உள்பக்கமாக நின்ற மீசையின் லாரியில் மனைவி உட்கார்ந்திருந்தாள், சீட்டு கிடைத்ததும் நேராக மருத்துவமனைக்குப் போவதாக ஏற்பாடு.

அவர் மெதுவாக ஏறினார். ஆடாமல் நின்றார். இயந்திரம் எண்பத்தேழு புள்ளி நான்கு என்று காட்டியது.

அளவர் ஏட்டைப் பார்த்தார். போன வாரம் அறுபத்து மூன்று. ஏழு நாளில் இருபத்துநாலு கிலோ. எதிரில் நிற்கிற ஆளின் கன்னம் குழிந்து, கண் உள்ளே போய், கழுத்து எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. அளவர் ஒரு தடவை ஆளைப் பார்த்தார், ஒரு தடவை எண்ணைப் பார்த்தார். பிறகு அவருக்குக் கொடுக்கப்பட்ட பயிற்சியின்படி எண்ணை நம்பினார்.

"சார்!" என்று உள்ளே கத்தினார். "தராசு கொழுத்துட்டாரு!"

அதிகாரி வந்தார். எண்ணைப் பார்த்தார். முப்பது புள்ளி இரண்டு. அங்கேயே துண்டுக் காகிதத்தில் சராசரியைப் போட்டுப் பார்த்தார். இருபத்தைந்து புள்ளி பூஜ்யம் மூன்று.

"துரோகி," என்றார். "என்னய்யா சாப்பிட்டே? ஒரு வாரத்துல இருபத்துநாலு கிலோ சாப்பிட உனக்கு எப்படி மனசு வந்துச்சு? நூத்தி அறுபத்தேழு பேரோட உழைப்பை ஒரே ஆளு தின்னுட்டியேய்யா!"

தராசுக்குக் கோபப்பட வேண்டும் என்பது ஞாபகம் இருந்தது. கோபப்படத் தெம்பில்லை. "சார், நான் இப்பச் சிவப்பு. சீட்டு குடுங்க."

"சீட்டா? வியாழக்கிழமை கேடயத்தை வெச்சுக்கிட்டு இன்னிக்கு ஒரு சிவப்பைப் பதிவு பண்ணுவேனா? மத்தியானம் மறு அளவு எடுக்கலாம்னு விதி இருக்கு. முற்றத்தைச் சுத்தி ஓடு. பச்சை வர்ற வரைக்கும் ஓடு. எல்லாரும் பாருங்க, இவர் எப்படி ஏறினாரோ அப்படியே இறங்கப்போறாரு!"

தராசு ஓடவில்லை. நடந்தார். கிடங்கு முற்றம் பெரியது. ஒரு பக்கம் சரக்கு அடுக்கு, ஒரு பக்கம் அவருடைய எடைமேடை. வெயில் ஏறியிருந்தது. ஐந்தாறு பச்சைக்காரர்கள் உற்சாகப்படுத்தக் கைதட்டிக்கொண்டு பக்கத்தில் நடந்தார்கள். மூட்டை தூக்குகிற சிவப்புக்காரர்கள் கைதட்டவில்லை. பாரம் சுமந்து வருகிற நடை எப்படியிருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். அவர்களில் ஒருவர், "அண்ணே, என்னத்தைத் தூக்கிட்டு நடக்கறீங்க?" என்று ஓடி வந்து பிடிப்பதற்குள் தராசு கீழே சாய்ந்துவிட்டார். சட்டை கிழிந்து, இரும்புக் கட்டைகள் ஒவ்வொன்றாகத் தரையில் உருண்டன.

அதிகாரி மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். விழுந்து கிடந்த ஆளைத் தாண்டி, விழுந்து கிடந்த இரும்பைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்த மலர்ச்சியைக் கிடங்கில் யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை.

"இரும்பு!" என்றார். "இரும்புய்யா! கொழுக்கலை! அளவரே, ஓடி வாங்க, இதையெல்லாம் பொறுக்கி எடை போட்டுக் கழிங்க. இவர் பச்சைதான்! தராசு, கவலைப்படாதீங்க, நீங்க பச்சைதான்!"

தராசுக்குக் காது கேட்கவில்லை. நினைவு தப்பி, வாய் திறந்து கிடந்தது. மூச்சு பெரிது பெரிதாக இழுத்தது.

சத்தம் கேட்டு மனைவி ஓடி வந்தாள். இரும்பைப் பொறுக்கிக்கொண்டிருந்த அளவரை ஒரு தள்ளு தள்ளினாள். அதிகாரி ஏதோ சொல்ல வாயெடுத்தார். "யோவ், எண்ணிட்டே இருய்யா நீ," என்றாள். அதற்கு மேல் அவரோடு பேச அவளுக்கு நேரமில்லை. மூட்டைக்காரர்கள் இரண்டு பேர் தராசை அப்படியே அள்ளி லாரிக்குள் படுக்க வைத்தார்கள். மீசை வண்டியைக் கிளப்பினார்.

வாசலில் காவலாளி கையைக் காட்டி நிறுத்தினார். "எடைச்சீட்டு?"

"யோவ், உள்ள ஆளு மயங்கிக் கிடக்குறாரு!"

"இருக்கட்டும். எடை போடாம எந்த வண்டியும் வெளிய போகக் கூடாது. எடைமேடைக்காரர் கையெழுத்து வேணும்."

"அவருதான்யா உள்ள கிடக்குறாரு!"

காவலாளி யோசித்தார். சிக்கல்தான். "அப்ப அவர் எழுந்ததும் போட்டுத் தரச் சொல்லுங்க," என்றார்.

மனைவி கீழே குதித்து, குறுக்குக் கட்டையைத் தானே இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினாள். லாரி போயிற்று. காவலாளி தன் ஏட்டில், எடை போடப்படாத சரக்கு ஒன்று வெளியேறியது என்று நேரத்தோடு எழுதி வைத்தார்.

மருத்துவமனையில் மயங்கி வருகிறவர்களுக்கு மட்டும் சீட்டு கேட்கிற வழக்கமில்லை, கேட்டாலும் பதில் வராது என்பதால். அங்கே இருந்த டாக்டரம்மா தராசின் விரலில் ஒரு குத்து குத்திப் பார்த்துவிட்டுத் திடுக்கிட்டு மறுபடி குத்தினார். ரத்தத்தில் சர்க்கரை ஐந்நூற்று எண்பது.

"எத்தனை மாசமா இப்படி இருக்காரு? எடை குறைஞ்சுதா?"

"பதினெட்டு கிலோ டாக்டர்."

"பதினெட்டு கிலோவா! யாருமே கவனிக்கலையா?"

"ஏன் கவனிக்கலை? மேடையேத்திப் பாராட்டினாங்க," என்றாள் மனைவி. தன் பையிலிருந்து துண்டறிக்கையை எடுத்து நீட்டினாள்.

டாக்டரம்மா ஐந்து படிகளையும் படித்தார். "கடைசிப் படி ஒண்ணைத் தவிர மீதியெல்லாம் சர்க்கரை நோய்க்கு அறிகுறின்னு நாங்க முதல் வருஷம் படிச்சதும்மா. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா ஆளு கிடைச்சிருக்க மாட்டாரு." அவர் அறிக்கையை மடித்துக் குப்பைக் கூடையில் போட்டார். "அந்த எண்ணுல தப்பில்லை. ஒரு ஊரையே மொத்தமா எண்ணிப் பாக்கிறப்ப அது உபயோகமான கணக்கு. ஒரு ஆளைப் பாக்கணும்னா ஆளைத்தான் பாக்கணும்."

ஊசி மருந்து ஏற ஏறத் தராசுக்கு நினைவு வந்தது. மூன்று நாள் கழித்துக் கண்ணும் தெளிந்தது. முதலில் தெரிந்தது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவியின் முகம். அந்த முகம் எவ்வளவு இளைத்துப்போயிருக்கிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தார். பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. "நான் பொழைச்சுட்டேனா?" என்று கேட்டார். "பின்ன, விட்டுடுவேனா?" என்றாள் அவள்.

இதற்கிடையில் வியாழக்கிழமை விழா நன்றாகவே நடந்தது. இரும்பைக் கழித்ததில் சராசரி பழையபடி இறங்கிக் கேடயம் கிடைத்தது. தராசு சார்பில் ஒரு காலி நாற்காலிக்கு மாலை போட்டார்கள். சாய்வு நாற்காலிதான்.

இரண்டு மாதம் ஊசியும் மருந்தும் நேரத்துக்குச் சாப்பாடுமாக இருந்துவிட்டுத் தராசு வேலைக்குத் திரும்பினார். கன்னம் நிரம்பியிருந்தது. குரலில் பழைய கனம் வந்திருந்தது. தூரத்தில் வரும் லாரியின் எண்ணை இருந்த இடத்திலிருந்தே படித்தார். டாக்டரம்மா முதுகில் தட்டி, "இப்பதான் மனுஷன் மாதிரி இருக்கீங்க," என்று அனுப்பியிருந்தார். திங்கட்கிழமை அவர் எடை இயந்திரத்தில் ஏறினார். எழுபத்து மூன்று புள்ளி நான்கு. கணக்குப் போட்டால் இருபத்தைந்து புள்ளி நான்கு.

அளவர் பச்சை அட்டையைக் கழற்றிவிட்டு மஞ்சளை மாட்டினார். அதிகாரி உள்ளே கூப்பிட்டனுப்பினார்.

"உட்காருங்க. நீங்க மஞ்சள், இருந்தாலும் உட்காருங்க," என்றார். அவருக்குப் பின்னால் அலமாரியில் கேடயம் இருந்தது. "நான் கல்நெஞ்சக்காரன் இல்லை, தராசு. நீங்க கஷ்டப்பட்டது எனக்குத் தெரியும். ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. நீங்க அன்னிக்கே போயிருந்தீங்கன்னா, குத்தமாச் சொல்லலை, ஒரு பேச்சுக்குத்தான் சொல்றேன், உங்க கடைசிப் பதிவு இருபத்தொண்ணு புள்ளி எட்டுல நின்னிருக்கும். என்ன சுத்தமான பதிவு! காலத்துக்கும் அழியாது. இப்பப் பாருங்க."

அவர் ஒரு படிவத்தை நகர்த்தினார். எடை கூடியவர்கள் கொடுக்க வேண்டிய விளக்கம். காரணங்கள் ஆறு அச்சிட்டிருந்தன: அதிக உணவு, சோம்பல், மன உறுதியின்மை, பண்டிகை விருந்து, குடும்பத்தாரின் வற்புறுத்தல், நிர்வாகத்தின் மேல் வெறுப்பு. ஏதாவது ஒன்றைச் சுழிக்க வேண்டும்.

தராசு நிதானமாக எல்லாவற்றையும் படித்தார். கடைசிக் காரணத்தின் மேல் பேனா கொஞ்ச நேரம் நின்றது. சுழிக்கவில்லை. அடியில் இருந்த வெற்றிடத்தில், 'உயிர் பிழைத்துவிட்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அதிகாரி வாங்கிப் படித்தார். கோபப்படவில்லை. உண்மையாகவே குழம்பிப்போனார். "இப்படி ஒரு காரணம் பட்டியல்ல இல்லையே," என்றார். "இதை நான் எந்தக் கட்டத்துல போடறது? மேலிடத்துக்குத்தான் எழுதிக் கேக்கணும்."

எழுதிக் கேட்டார். மேலிடம் மூன்று தடவை கூடி, நாலு தடவை குறிப்பெழுதி, விஷயத்தைத் தீர ஆராய்ந்தது. அடுத்த மாதம் புதிய படிவம் அச்சாகி எல்லாக் கிடங்குகளுக்கும் வந்தது. அளவர் அதைத் தராசின் அறைக்கே கொண்டுவந்து, உங்களால்தான் இந்த மாற்றம் என்று கைகுலுக்கிக் கொடுத்துவிட்டுப் போனார். ஆறு காரணங்களுக்குக் கீழே ஏழாவதாக ஒன்று சேர்த்திருந்தார்கள்.

'உயிர் பிழைத்தல். (பணிக்காலத்தில் ஒரு முறை மட்டுமே ஏற்றுக்கொள்ளப்படும்.)'